கிராஞ்சியில் பெயர் உண்டு, காஞ்சனபுரியில் இல்லை

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விமானம் ஏறுகிறார்கள். மாநில அளவிலான போட்டிகளில் வென்ற மாணவர்களைத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் சார்ஜா, சிங்கப்பூர் போன்ற இடங்களுக்குக் கூட்டிப்போய் வருகிறது. நல்ல செய்தி. ஆத்தூர் பேருந்து நிலையத்தைத் தாண்டி அதிகம் போயிராத தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை கையில் பாஸ்போர்ட்டோடு நிற்கும் படத்தை நாளிதழில் பார்க்கும்போது நமக்கும் நெஞ்சு நிறைகிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு சிங்கப்பூர், மலேசியா கூட்டிப்போகும் தனியார் பள்ளிகளும் உண்டு. அது வசதி உள்ளவர்கள் சமாச்சாரம்.

போன பிள்ளைகள் எதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பதுதான் நம் கேள்வி. தனியார் சுற்றுலாக்களுக்கு அச்சடித்துத் தரும் துண்டறிக்கைகளை நாம் வாங்கிப் பார்த்ததுண்டு. சிங்கப்பூர் என்றால் சென்டோசா தீவு, யுனிவர்சல் ஸ்டுடியோ, சிங்கத்தலை மீன் சிலை. பார்க்கட்டும், சின்னப் பிள்ளைகள்தானே. அதே சென்டோசாவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பீரங்கிகளோடு சிலோசோ கோட்டை நிற்கிறது. நகரத்திலிருந்து மெட்ரோ ரயில் ஏறினால் வடக்கே கிராஞ்சி என்றொரு நிலையம். அங்கே ஒரு மேட்டில் போர் நினைவிடம். நுழைவுக் கட்டணம் கிடையாது. உடல் கிடைக்காமல் போன, கல்லறை தெரியாத 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை அங்கே சுவர் சுவராக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர் பெயர்களோடு இந்தியப் பெயர்களும் வரிசை வரிசையாக இருக்கின்றன. அந்தச் சுவரின் முன்னால் நம் பிள்ளைகளை அரை நாள் நிறுத்த வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.

இது புதிய யோசனை ஒன்றுமில்லை. முதல் உலகப் போரின் நூற்றாண்டு வந்த 2014இல் இங்கிலாந்து அரசு ஒரு திட்டம் போட்டது. அரசு நிதியில் நடக்கும் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலிருந்தும் இரண்டு மாணவர், ஓர் ஆசிரியர். அவர்களை பெல்ஜியம், பிரான்ஸ் போர்க்களங்களுக்கும் கல்லறைகளுக்கும் அரசு செலவிலேயே அனுப்பியது. போய் வந்தவர்களுக்கு வீட்டுப்பாடமும் உண்டு. தம் ஊரிலிருந்து போருக்குப் போனவர்களைப் பற்றிக் குறைந்தது 110 பேருக்காவது எடுத்துச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து போன்ற மாநிலங்கள் போட்டி வைத்து மாணவர்களைப் போர் நினைவிடங்களுக்குப் பயணம் அனுப்புகின்றன. தாத்தா எந்த மண்ணில் விழுந்தார் என்று பேரன் போய்ப் பார்க்கிறான். அந்த நாடுகளுக்கு இதில் அரசியல் இருக்கிறது, போர்ப் பெருமை பேசும் ஆசையும் இருக்கிறது. அது நமக்குத் தேவையில்லை. பிள்ளையை இடத்துக்கே கூட்டிப்போய்ப் பெயரைத் தொட்டுப் பார்க்க வைக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பெயருக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்று கேட்பவர்களுக்கு ஒரு தூணைக் காட்டலாம். மகாராஷ்டிரத்தில் பீமா நதிக்கரையில் கோரேகான். 1818 ஜனவரி 1 அன்று அங்கே பேஷ்வாவின் படையோடு நடந்த சண்டையில் இறந்த கம்பெனிச் சிப்பாய்களுக்கு வெள்ளைக்காரன் ஒரு தூண் நட்டான். தன் வெற்றிக்காக நட்டதுதான். அதில் 49 பெயர்கள். 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. அந்தக் காலத்து மகர்களின் பெயர் அப்படித்தான் முடியும். நூறு ஆண்டு கழித்து அந்த விகுதியை வைத்துத்தான் 'இவர்கள் எங்கள் ஆட்கள்' என்று அடையாளம் கண்டார்கள். 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அந்தத் தூணின் முன்னால் போய் நின்றார். இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அங்கே கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தைப் பொறுக்காதவர்கள் 2018இல் என்ன செய்தார்கள் என்பதும் நாடறிந்தது. வெறும் எண்ணிக்கையை மட்டும் வெட்டிவிட்டுப் போயிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

எண்ணிக்கையை மட்டும் வெட்டிவைத்த கல் நம் நாட்டில் நிறைய உண்டு. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஒரு சலவைக்கல் பலகை. தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் பழைய கட்டடச் சுவர்களில் இன்றும் அது இருக்கிறது. யார் போனார், யார் வீட்டுப் பிள்ளை, ஊரா காலனியா, ஒன்றும் இருக்காது. இராக்கில் பாஸ்ராவில் எழுப்பிய நினைவிடத்தில் இன்னும் மோசம். இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் போட்டார்கள். சாதாரணச் சிப்பாய்க்குப் படைப்பிரிவின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும்.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்கர், இந்தியர் உள்ளிட்டவர்களில் 45 ஆயிரம் முதல் 54 ஆயிரம் பேருக்கு வெள்ளையருக்குச் சமமான நினைவு தரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும், பெயரே பொறிக்கப்படவில்லை. சிலருக்கு எந்த நினைவும் இல்லாமலும் போயிருக்கலாம் என்றது அறிக்கை. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரான கறுப்பினத்தவர் டேவிட் லாமி 2019இல் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றில் இதைக் கிளப்பியதற்குப் பிறகு வந்த விசாரணை அது. செத்தும் தனிச் சுடுகாடு என்பது நமக்குத் தெரிந்த கணக்குதான். அது லண்டன் வரைக்கும் போயிருக்கிறது என்பதுதான் புதிது.

சேலம், நாமக்கல் பக்கத்துக்கு வருவோம்.

போர் என்றதும் துப்பாக்கி தூக்கியவரைத்தான் நினைக்கிறோம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் தமிழ்நாட்டு ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள், ஆதிதிராவிடர்களும் இருந்தார்கள். பாலம் போடுவது, சாலை வெட்டுவது, கண்ணி வெடி எடுப்பது அவர்கள் வேலை. அந்தப் படையின் சுபேதார் சுப்பிரமணியன் காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில் வெடிக்கப் போன கண்ணியின் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். அவர் என்ன சாதி என்று தேடிக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

நம் மாவட்டங்களின் பெரிய கதை படைமுகாமில் இல்லை. அது மலாயா ரப்பர்க் காட்டில் இருக்கிறது. திருச்சி, தஞ்சாவூர், வடஆற்காடு மாவட்டங்களோடு சேலம் மாவட்டமும் கங்காணிகள் ஆள் பிடித்த பெரிய வட்டாரம். பஞ்சத்துக்கும் பண்ணையார் கடனுக்கும் பயந்து குடும்பம் குடும்பமாக நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினார்கள். அதில் ஆதிதிராவிடர் பெரும் பங்கு. கப்பலேறிப் போன இடத்திலும் லயத்தில் தனி வரிசை கேட்ட சாதி மகராசர்கள் இருந்தார்கள், அது வேறு கதை. 1938இல் இந்திய அரசு இந்தக் கூலி அனுப்புதலை நிறுத்தியது. அதற்குள் போனவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பான் கையில் விழுந்தது.

தாய்லாந்தில் பான் போங்கிலிருந்து பர்மாவில் தன்பியுசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஜப்பான் படை முடிவெடுத்தது. நாம் சேலம் ஜங்ஷனில் ஏறிச் சென்னை போவதைவிட நீளம், முழுக்கக் காடும் மலையும். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். சுமார் 60 ஆயிரம் போர்க் கைதிகளை வேலையில் தள்ளினார்கள். அது போதாமல் மலாயா, பர்மா, ஜாவாவிலிருந்து இரண்டு லட்சம் பேர் அளவுக்கு ஆசியக் கூலிகள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேல், அதில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லிக் கொஞ்சம் பேரை அழைத்தார்கள். பிறகு தோட்டத்துக்கு இத்தனை தலை என்று லாரியில் அள்ளினார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. போர்க் கைதிகள் முகாமிலாவது கூடவே பிடிபட்ட ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், ஒழுங்கு இருந்தது, இறந்தவன் பெயரை ஒளித்து எழுதி வைக்க ஓர் அதிகாரி இருந்தான். கூலி முகாமில் யார் இருந்தார்? தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று சொல்லவும் ஆள் இல்லை. போர்க் கைதிகளில் 12 ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியக் கூலிகளில் 90 ஆயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள்.

இன்று பாங்காக்கிலிருந்து மேற்கே மூன்று மணி நேரம் போனால் காஞ்சனபுரி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போர்க் கல்லறை. ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, படைப்பிரிவு. அந்த ரயில்பாதையில் ஆஸ்திரேலியர் சுமார் 2,800 பேர் இறந்தார்கள். அவர்களுக்காக ஆஸ்திரேலிய அரசு ஹெல்ஃபயர் கணவாயில் 1998இல் அருங்காட்சியகம் திறந்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 25 விடியற்காலையில் அங்கே விளக்கேந்தி நிற்கிறார்கள். நம் ஆட்களுக்கு? 1990இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆசியக் கூலிகளாக இருக்கும் என்றார்கள். யார் மகன், எந்த ஊர் என்று கேட்க யாரும் வரவில்லை. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுத்தூண் உண்டு. வேலை வாங்கிக் கொன்ற ஜப்பான் படையே 1944இல் எழுப்பியது. அதன் பலகைகளில் ஒன்று தமிழில் இருக்கிறது. 2023இல் மலேசியா, தாய்லாந்துத் தமிழர்கள் முயன்று அந்த ஊரில் நடுகல் ஒன்று நாட்டினார்கள். இடையில் எண்பது ஆண்டு.

'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படம் 1957இல் வந்து உலகமெல்லாம் ஓடியது. தமிழனைக் காட்டாத அந்தப் படத்தை எடுத்த இடம் இலங்கையில் கித்துல்கல! தமிழில் இந்த வரலாற்றைச் சொன்னவர்கள் மலேசிய எழுத்தாளர்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களைப் பள்ளி நூலகத்துக்கு வாங்கச் சொல்லி மாணவர்கள் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். முதலில் அந்த அலமாரிப் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

கூலி வேலையைப் போர்ச் சேவை என்று எப்படிச் சொல்வது என்று படித்த நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். விருப்பப்பட்டுப் போகவில்லையே, எதிரிக்குப் போட்ட பாதையாயிற்றே என்றார். நியாயமான கேள்விதான். சேவை என்ற சொல்லே நமக்கு உறுத்தும். ஊர் வேலை, வெட்டி வேலை, சாவு வேலை எல்லாவற்றுக்கும் நம் தலையில் கட்டிய பெயர் அது. அதனால்தான் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பிள்ளைகள் அங்கே போய் நின்று யோசிக்கட்டும் என்கிறோம். போருக்குச் சோறு, சாலை, பாலம், தண்டவாளம் எல்லாம் ஒருவன் உழைப்பு. சீருடை போட்டவன் இறந்தால் தியாகம், கோவணம் கட்டியவன் இறந்தால் கணக்கில் இல்லை. இந்தப் பிரிவினை எங்கிருந்து வருகிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைக்காரன் படையில் சேர்ந்ததை ஏன் கொண்டாட வேண்டும் என்பது அடுத்த கேள்வி. கொண்டாடச் சொல்லவில்லை. அந்தப் படை நம்மைத் தேவைப்பட்டபோது எடுத்தது, தேவை தீர்ந்ததும் கைகழுவியது. 'வீரச் சாதி' என்று ஒரு கொள்கை செய்து 1890களில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். ஓய்வுபெற்ற வீரர் கோபால் பாபா வலங்கர் மனு எழுதிப் போராடினார். ஆதிதிராவிடர் நிறைந்திருந்த மெட்ராஸ் பயனியர் படையை 1933இல் கலைத்தார்கள். ஆனால் அந்தப் படையில் பள்ளிக்கூடம் இருந்தது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஊர்ப் பள்ளிக்கூடத் திண்ணையில்கூட ஏற முடியாத காலத்தில் பாசறைக்குள் எழுத்து கிடைத்தது. நம் பக்கம் இம்மானுவேல் சேகரனை எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர். நிமிர்ந்து நடந்தார், சமமாக உட்கார்ந்தார். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொன்றார்கள். நாட்டுக்குச் சேவை செய்த உடம்பு என்று யாரும் பார்க்கவில்லை.

வெள்ளையனை எதிர்த்த பக்கமும் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. 1943இல் நேதாஜி அங்கே ராணி ஜான்சி படையைத் தொடங்கியபோது கேப்டன் லட்சுமியின் பின்னால் வந்து நின்ற பெண்களில் மிகப் பலர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பால் வெட்டிய கையில் துப்பாக்கி. இந்திய தேசிய ராணுவத்துக்குக் கடற்கரையில் கட்டிய நினைவுச் சின்னத்தை 1945இல் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை வெடி வைத்துத் தகர்த்தது. அந்த இடத்தில், எஸ்பிளனேட் பூங்காவில், 1995இல் ஓர் அடையாளப் பலகை வைத்தார்கள். சிங்கத்தலை மீன் சிலையிலிருந்து நடந்தே போய்விடலாம். சிலையோடு படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளை இன்னும் பத்து நிமிடம் நடக்கச் சொன்னால் என்ன?

யாரை அனுப்புவது என்பதில் நமக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. போட்டி வைத்துத் தேர்ந்தெடுப்பது நல்லதுதான். ஆனால் மாலையில் வகுப்பு முடிந்ததும் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போகும் பிள்ளையும், ஞாயிறானால் விசைத்தறிக்குப் போகும் பிள்ளையும் ஒப்பித்தல் போட்டிக்கு எப்போது தயாராவார்கள்? தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் இருந்து ஒரு குழு. பள்ளிக்கு இரண்டு மாணவர், ஓர் ஆசிரியர் என்ற கணக்கு நமக்கும் பொருந்தும். கொல்லிமலைப் பிள்ளையும் வரட்டும், அருந்ததியர் தெருப் பிள்ளையும் வரட்டும். இரண்டில் ஒன்று கட்டாயம் பெண் பிள்ளை.

விடுதியில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, இதில் காஞ்சனபுரி கேட்கிறீர்களா என்பார்கள். தாழ்ப்பாளும் வேண்டும், காஞ்சனபுரியும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுப்பது பழைய தந்திரம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கு 2024இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. ஒதுக்கிய பணம் நம் பிள்ளைகளுக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். இதைவிட நேராக எப்படிப் போவது?

பயணம் எப்போது வருமோ. இந்த விடுமுறையிலேயே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. மாணவர்களே, உங்கள் காலனியில் எழுபது வயது தாண்டிய பாட்டி தாத்தாக்களிடம் உட்காருங்கள். நம் வீட்டில் யாராவது பினாங்குக்கோ மலாயாவுக்கோ போனார்களா, பட்டாளத்துக்குப் போனார்களா, போனவர்கள் திரும்பி வந்தார்களா என்று கேளுங்கள். ஒப்பாரி பாடும் அம்மாக்களை விட்டுவிடாதீர்கள். எழுதி வைக்காத பெயர்கள் அவர்கள் பாட்டில் இருக்கும். டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய கடிதம், மணியார்டர் துண்டு, பதக்கம் இருந்தால் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டியிலிருந்து வெளியே கொண்டுபோக வேண்டாம்.

படையில் இறந்தவர்களின் பெயரைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். பலருக்குத் தந்தை பெயர், ஊர், மாவட்டம் வரை இருக்கும். நாமக்கல் மாவட்டம் என்று போட்டால் வராது. 1997 வரை அது சேலம் மாவட்டம், முதல் உலகப் போர்க் காலத்தில் நாமக்கல் தாலுகா திருச்சியோடு இருந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களும் பழைய சேலத்தில்தான் தேட வேண்டும். ஆங்கில எழுத்தில் ஆத்தூர் ஆட்டூராகவும் முனுசாமி மூன்று விதமாகவும் இருப்பார். எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். கிடைத்த பெயரை ஒரு நோட்டில் ஊர்வாரியாக எழுதுங்கள். ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர் எந்த இணையதளத்திலும் இருக்காது. அவர்களுக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். பெயர் தெரியாவிட்டால் இன்னார் மகன், இன்னார் அண்ணன் என்றாவது எழுதுங்கள். பள்ளி திறந்ததும் தமிழாசிரியரிடம் காட்டுங்கள்.